பிக்சர் ஃபிரேம் சோதனையில் தொடக்கத்திலேயே விசை எகிறுவது பற்றி

பிக்சர் ஃபிரேம் சோதனை என்பது, மூலைகளில் கீல் வைத்த சதுரச் சட்டத்தில் துணியைப் பிடித்து, சட்டத்தைச் சாய்சதுரமாக இழுத்து, துணியின் ஷியர் எதிர்ப்பை (நூல்களுக்கு இடையிலான கோணம் மாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை) அளப்பது. அதில் விசை 5 பாகைக்குள்ளேயே செங்குத்தாக ஏறுவதாகவும், மூன்று மாதிரிகளும் வெவ்வேறு விசை-கோண வளைவுகளைத் தருவதாகவும் கேட்டிருந்தீர்கள். அந்த விசை, பெரும்பாலும் உங்கள் கண்ணாடியிழைத் துணியின் ஷியர் எதிர்ப்பு அன்று. நூல்கள் நீளவாட்டில் இழுபடுவதால் எழுவது. அதிலிருந்து ஷியர் விறைப்பைக் கணக்கிட வேண்டாம்.

பாவோ ஊடையோ (துணியின் நீளவாட்டு, குறுக்குவாட்டு நூல்கள்) சட்டத்தின் கைகளுக்கு இணையாக இராமல் ஓரிரு பாகை விலகிப் பிடிக்கப்பட்டிருந்தால், சட்டம் சாய்சதுரமாக மாறும்போது அந்நூல்கள் நீண்டாக வேண்டும். கண்ணாடியிழையோ எளிதில் நீளாது. எதிர்ப்பக்கம் விலகியிருந்தால் நூல் தளர்ந்து, துணியில் முன்கூட்டியே சுருக்கம் விழும். மூன்று மாதிரிகளும் மூன்று விதமான வளைவுகளைத் தருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சரிபார்க்க, முதலில் வெறும் சட்டத்தை இயக்கி அதன் உராய்வு விசையைக் கழியுங்கள். பிறகு ஒரே பாவு நூலின் மேல் பேனாவால் கோடிட்டு, இறுக்கிய பின்னும் அது கைக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். அதே துணியை நூல்களுக்கு 45 பாகையில், நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் வெட்டி, அத்துண்டை நீளவாட்டில் இழுக்கும் பயாஸ் எக்ஸ்டென்ஷன் சோதனையும் செய்யுங்கள். அதன் நடுப்பகுதி நூல்களின் இரு முனைகளும் பிடிக்குள் சிக்காதவை என்பதால் இந்த இழுவிசை அங்கே எழாது. மாதிரி அளவின் வேறுபாடு நீங்குமாறு விசையை இயல்பாக்கிய பிறகே இரு சோதனைகளையும் ஒப்பிட வேண்டும்.

ஆனால் பெருங்கோணங்களில் பயாஸ் சோதனையில் நூல்கள் குறுக்குப்புள்ளிகளில் வழுக்கும். அப்போது இயந்திரத்தின் நகர்விலிருந்து கணிக்கும் கோணம் உண்மையானதைவிடக் கூடுதலாகக் காட்டும். கோணத்தை நிழற்படத்திலிருந்தே அளந்துகொள்ளுங்கள்.