நாலு டிஸ்க் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி: சுன்னாகத்தில் சிறிய ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்திய வீட்டுப் படங்கள் எல்லாம் நான்கு 4 டெராபைட் டிஸ்க் போட்ட பெட்டியில், ரெய்ட் 5 முறையில் இருக்கின்றன. பூட்டித் தந்தவர் இனிப் பேக்கப் தேவையில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ரெய்ட் என்பது பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு டிஸ்க் செத்த அன்றும் உங்கள் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். நீங்களே கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் நான்கிலும் அழிந்துவிடும், வைரஸ் புகுந்து பூட்டினாலும் அப்படியே, கள்ளன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

செத்த டிஸ்கில் இருந்தது எப்படித் திரும்பி வருகிறது என்பது எளிய கணக்கு. மூன்று டிஸ்கில் 1, 0, 1 என்று இருக்கிறது. மொத்தத்தில் ஒன்றுகள் இரட்டைப்படையாக வரவேண்டும் என்பது விதி, ஆகவே நான்காவதில் சரிபார்க்கும் பிட்டாக 0 எழுதப்படும். இரண்டாவது டிஸ்க் போய்விட்டால் மிஞ்சுவது 1, 1, 0. ஏற்கெனவே இரட்டைப்படை, அப்படியென்றால் காணாமற்போனது 0. இதற்காக ஒரு டிஸ்க் அளவு இடம் போகும், 16 டெராபைட்டில் உங்களுக்கு மிஞ்சுவது 12.

சிக்கல் புது டிஸ்க் போடும்போதுதான். மற்ற மூன்றையும் முழுதாக, அதாவது 12 டெராபைட்டும் வாசித்தாக வேண்டும். சாதாரண டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் கணக்கோ ஏறத்தாழ 12.5 டெராபைட் வாசிப்புக்கு ஒரு வாசிக்கமுடியாத பிழை வரலாம் என்பது. நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனாலும் ஒன்றாக வாங்கிய டிஸ்குகள் ஒன்றாகவே கிழடாகும் என்பதால் நான் என்றால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்ட் 6க்கு மாறுவேன். 8 டெராபைட்தான் மிஞ்சும், பரவாயில்லை. யுபிஎஸ் கட்டாயம்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் படம் ஒருமாதிரியும் சரிபார்க்கும் பிட் வேறுமாதிரியும் நின்றுவிடும். அப்புறம் இன்னொரு பிரதி, வேறு வீட்டில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மண்ணில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

கேள்வி: டிஸ்க் எல்லாம் நல்லாக இருக்கின்றன, ஆனால் பழைய படம் ஒன்று பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறக்கிறது. ரெய்ட் ஏன் திருத்தவில்லை?

பதில்: ரெய்ட் 5க்கு எந்த டிஸ்க் செத்தது என்று தெரிந்தால்தான் நிரப்ப முடியும். எல்லாம் உயிரோடு இருந்து ஒன்று மட்டும் பிழையானதைத் தந்தால், கணக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லலாமே தவிர யார் பிழை என்று சொல்ல வழியில்லை (பெரும்பாலான பெட்டிகள் வாசிக்கும்போது அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை). பிழை இருக்கும் இடத்தையே காட்டித் திருத்தும் முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்டார்: 4 பிட்டுக்கு 3 சரிபார்க்கும் பிட். 1960இல் வந்த ரீட்-சாலமன் முறை இன்னும் வலியது, கீறல் விழுந்த சிடி பாடுவதும் கிழிந்த கியூஆர் வாசிக்கப்படுவதும் அதனால்தான்.

உங்களுக்கு வேண்டியது இசட்எஃப்எஸ் போன்ற, ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (அந்தத் துண்டு மாறிவிட்டதா என்று காட்டும் ஒரு சரிபார்ப்பு எண்) வைத்திருக்கும் கோப்பு முறை. மாதம் ஒருமுறை முழுதாகச் சரிபார்க்க விடுங்கள். மாற்ற வசதியில்லை என்றால் முடிந்த ஆல்பங்களுக்குப் பார்2 கோப்புகளைச் செய்து கூடவே வையுங்கள், அதுவும் ரீட்-சாலமன்தான், பத்து வீதம் இடம் ஒதுக்கினால் ஏறத்தாழ அந்த அளவு சேதத்தைத் திருத்தும். கெட்டுப்போன அந்தப் படத்துக்கு இப்போது இவை உதவாது. வாடிக்கையாளருக்குக் கொடுத்த பென்டிரைவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.