எழுதியதும் வரைந்ததும் யாருக்குச் சொந்தம்? பதிப்புரிமை கேள்வி பதில்

தனியாக எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. பல வருடங்களாக ஓவியம் வரைந்து, ஒப்பந்தங்களில் சூடுபட்டுக் கற்றுக்கொண்டவன்.

என் சிறுகதையை எங்கும் பதிவு செய்யவில்லை. திருடினால் கேட்க முடியாதா?

கேட்கலாம். எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. படைப்பாளிகளின் உரிமையைக் காக்க நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கை 1886-இல் வந்தது. பதிவோ முத்திரையோ தேவையில்லை என்பது 1908 திருத்தத்தில் அதில் சேர்ந்தது. இன்று பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. அதற்காகப் பதிவு வீண் என்று நினைக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் கைகொடுக்கும். அமெரிக்கப் படைப்புகளுக்கு அங்கே வழக்குப் போடவே பதிவு வேண்டும்.

காப்புரிமையும் பதிப்புரிமையும் ஒன்றுதானே?

பேச்சில் கலந்துவிட்டோம், அவ்வளவுதான். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு வாங்கும் பேடன்ட், அது வேறு. அதை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

ஒரு கதைக்கருவை நண்பரிடம் சொன்னேன். அவர் எழுதி வெளியிட்டுவிட்டார்.

வருத்தம் புரிகிறது. ஆனால் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. கருவுக்கும் இருந்திருந்தால் முதல் காதல் கதைக்குப் பிறகு யாரும் காதல் கதை எழுதியிருக்க முடியாது! நீங்கள் எழுதிக் காட்டிய காட்சிகளையும் வசனங்களையும் அப்படியே எடுத்திருந்தால் அது வேறு விஷயம்.

காசு வாங்கிக்கொண்டு அட்டைப்படம் வரைந்து கொடுத்தேன். அதை இப்போது டீசர்ட்டிலும் அச்சிட்டு விற்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டா?

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்ததாலேயே உரிமை கைமாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நாடுகளில், தனியாக வேலை செய்பவரிடமிருந்து உரிமை முழுதாகப் போக எழுத்தில் கையெழுத்து வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்ததென்றால் பெரும்பாலும் நிறுவனத்துக்கே போகும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் உள்ளூர் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உரிமம் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி, உரிமையை எழுதிக் கொடுப்பது வீட்டையே விற்பது மாதிரி. நான் ஆரம்பத்தில் ‘எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்’ என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அந்தப் படத்தை இன்று என் தொகுப்பில் போடக்கூட அனுமதி கேட்க வேண்டும். நீங்கள் உரிமம் கொடுக்கும்போது எதில், எத்தனை பிரதி, எத்தனை வருடம் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

பெயர் போட்டு நன்றி சொன்னால் அடுத்தவர் புகைப்படத்தைப் பயன்படுத்தலாமா?

நன்றி வேறு, அனுமதி வேறு. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வெளியான படமென்றால் படைத்தவரின் அனுமதி முன்பே இருக்கிறது. எந்த வகை உரிமம் என்று மட்டும் பாருங்கள். சிலவற்றில் வணிகப் பயன்பாடு கூடாது.

உரிமை எத்தனை காலம்?

பெர்ன் கணக்கில் பொதுவாகப் படைத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் குறைந்தது 50 ஆண்டுகளும். பல நாடுகளில் 70.

என் ஓவியத்தை ஒரு இணையதளம் எடுத்துப் போட்டிருக்கிறது. இப்போதே திட்டி எழுதட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தப் பக்கத்தை முகவரி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். திட்டிய மறுநிமிடமே நீக்கிவிட்டு ‘போடவே இல்லை’ என்பார்கள். அப்புறம் உங்கள் அசல் கோப்பு, முதல் கோட்டுப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பிறகு நிதானமாக ஒரு மின்னஞ்சல். பதில் வராவிட்டால் அந்தத் தளத்தை நடத்தும் சர்வர் நிறுவனத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். பெரும்பாலும் அதற்கென்றே படிவம் வைத்திருப்பார்கள்.

தனக்குத் தானே தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் உரிமைக்கு அதுவே ஆதாரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திறந்த உறையையும் தபாலில் அனுப்பி, பிறகு உள்ளே எதையும் வைத்து ஒட்டலாமே!