பொருள் கைமாறுகிற அன்றே காசு

கிராமங்களிலும் பூர்வகுடி மக்களிடமும் நடக்கிற சமூகத் தொழில்களுக்கு வெளியில் இருப்பவர்கள் எப்படிக் கைகொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சிப் பட்டறைக்கு முன்னால், பொருள் கைமாறுகிற அன்றே காசு கிடைக்க வழி செய்யுங்கள் என்பேன்.

நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனை. வாகரைப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தின் தேனையும் பன்பாயையும் (பன் என்கிற கோரைப்புல்லில் பின்னுகிற பாய்) விற்றுக் கொடுக்கிறேன். அங்கே கதிரவெளி, பால்சேனைப் பகுதிகளில் இலங்கையின் பூர்வகுடிகளான வேடரில் ஒரு பிரிவினர், கடலோர வேடர், வாழ்கிறார்கள். பேசுவது தமிழ். மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இலேயே இந்தக் கரையோர மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இருந்தும் வேடர் என்றால் எல்லாருக்கும் மகியங்கனைப் பக்கத்து வேடர் கிராமமான தம்பானைதான் ஞாபகம் வருகிறது.

முதல் வருடம் எங்கள் தேன் போத்தலுக்குள்ளேயே நுரைத்தது. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம், புளித்த வாசம். வாங்கியவர்கள் சீனிப்பாணி கலந்திருக்கிறது என்றார்கள். அந்த அக்காமார் அழுதே விட்டார்கள். கலப்படமே இல்லை, மெழுகு மூடாத அடையையும் சேர்த்துப் பிழிந்ததுதான் பிழை. மூடாத அடைத் தேனில் தண்ணீர் கூட. ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கும். மூடின அடையை வேறு சட்டியில் வடித்தோம், சரியாகிவிட்டது.

காசு விஷயம் அப்படி லேசில் தீரவில்லை. கொழும்பில் ஒரு கடை 40 போத்தல் எடுத்துவிட்டு இரண்டரை மாதம் கழித்துக் காசு தந்தது. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும்போது இரண்டரை மாதம் எப்படிப் பொறுப்பது? ஒரு அக்கா அடுத்த தேனை லொறி வியாபாரிக்குப் பாதி விலைக்குக் கொடுத்தா. "வியாழக்கிழமை கட்ட வேணும் தம்பி" என்றா. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சுழற்சி நிதி போட்டோம். போத்தல் வந்த அன்றே முக்கால்வாசிக் காசு, விற்ற பிறகு மிச்சம். கணக்குக் கொப்பி சங்கத்திடம்தான் இருக்கிறது. லொறிக்குப் போன தேன் அதற்குப் பிறகுதான் சங்கத்துக்குத் திரும்பி வந்தது. உங்களிடம் உதவிக் காசு இருந்தால் இப்படியொரு நிதியில் போடுங்கள்.

இன்னொன்று. லேபிளில் 'வேடர் தேன்' என்று போட்டால் நன்றாக விற்கும் என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பெயர் அவர்களுடையது. போடலாமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பன்பாய் வேண்டுமென்றால் புரட்டாசிக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். மாரி தொடங்கினால் பன் காயாது.