குளோன் செய்து தந்தார், டி டிரைவைக் காணோம்: யார் பொறுப்பு?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டது. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, பழையதில் உள்ளதை அப்படியே குளோன் செய்து மாட்டித் தரும்படி ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்தேன். கூலியையும் முழுதாகக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் விண்டோஸ் திறக்கிறது, சி டிரைவ் இருக்கிறது, டி டிரைவைக் காணோம். பத்து வருடப் புகைப்படங்களும் தொழில் கணக்குகளும் அதில்தான் இருந்தன. கேட்டால், "பெரிய டிஸ்க்கில் இருப்பது சின்ன டிஸ்க்கில் எப்படிக் கொள்ளும்? பழையதை ஃபார்மட் செய்துவிட்டேன், அது என்னிடமே இருக்கட்டும்" என்கிறார். ரசீதின் அடியில் 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருக்கிறது. என்னிடம் பேக்கப் கிடையாது. சி, டி டிரைவ்களின் அளவுக் கணக்கையும், டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையின் படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வழக்குப் போட முடியுமா? கணக்கு சாஃப்ட்வேர் மறுபடி லைசென்ஸ் கேட்கிறது, அதுவும் அவர் பொறுப்பா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் வழக்கை அடுத்த வாரம் யோசித்துக்கொள்ளலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்தப் பழைய டிஸ்க்கைத் திரும்ப வாங்குவது. உங்கள் புகைப்படங்களும் அதில்தான் இருக்கின்றன, உங்கள் சாட்சியமும் அதில்தான் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தால் பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணைதான் போகும். கோப்புகள் இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும், அவற்றின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை. முழு ஃபார்மட் வேறு கதை. விஸ்டா முதல் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடும், மீட்க ஒன்றும் மிஞ்சாது. அவர் எதைச் செய்தார் என்று தெரியாத நிலையில், அந்த டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பயன்படுத்தத் தொடங்கினால் இருக்கும் வாய்ப்பும் போய்விடும். அதனால் போனில் சண்டை போடுவதை விட்டுவிட்டு, எழுத்தில் இப்படி அனுப்புங்கள்:

"என் 1 டிபி ஹார்ட் டிஸ்க் எனக்குச் சொந்தமானது. அதை உங்களுக்கு விற்கவோ மாற்றாகத் தரவோ நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இனி எதையும் எழுதாமலும் அழிக்காமலும், இருக்கும் நிலையிலேயே மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரவும். அதிலிருந்து எடுத்த நகல் ஏதும் உங்களிடம் இருந்தால் அதையும் தெரிவிக்கவும்."

இதற்குப் பிறகும் அவர் அந்த டிஸ்க்கைத் தொட்டால் 'தெரியாமல் செய்தேன்' என்று சொல்ல வழியில்லை. பழுதுபார்க்க வாங்கியவர் தன் கூலி பாக்கி இருந்தால் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் பல இடங்களில் இடம் கொடுக்கிறது. நீங்கள்தான் கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டீர்களே, பிடித்து வைக்க அவருக்கு என்ன உரிமை?

டிஸ்க் கைக்கு வந்ததும் 'ஒரு தடவை பார்த்துவிடுவோம்' என்று உங்கள் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள், தயவுசெய்து. விண்டோஸ் தானாகவே அதில் எதையாவது எழுதும். டேட்டா மீட்பவரிடம் நேராகக் கொடுத்து, முதலில் முழு நகல் எடுத்துவிட்டு அந்த நகலில் வேலை பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் எழுத்தில் ஓர் அறிக்கையும் கேளுங்கள். ஃபார்மட் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நடந்தது என்பது கோப்பு அமைப்பிலேயே பதிவாகியிருக்கும். ரசீதுத் தேதியின் பக்கத்தில் அதை வைத்தால், டிஸ்க் யார் கையில் இருந்தபோது அழிந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, 'சின்ன டிஸ்க்கில் கொள்ளாது' என்ற அவருடைய வாதத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன கணக்கின்படி பழைய டிஸ்க்கில் சி பார்ட்டிஷன் (டிஸ்க்கில் சி டிரைவுக்கென்று ஒதுக்கிய பகுதி) 400 ஜிபி, அதில் நிரம்பியிருந்தது 120. டி பார்ட்டிஷன் ஏறக்குறைய 530, நிரம்பியிருந்தது 190. ஆக மொத்தம் 310. 500 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் 465 என்று காட்டும், தாராளமாகக் கொள்ளும். கொள்ளாதது பார்ட்டிஷன்களின் பழைய அளவு மட்டும்தான். குளோன் செய்யும்முன் அவற்றைச் சுருக்க வேண்டும், அல்லது சுருக்கி எழுதும் சாஃப்ட்வேரைப் பயன்படுத்த வேண்டும். எதுவும் முடியாவிட்டால் டி டிரைவின் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தைப் பாருங்கள். புது டிஸ்க்கிலும் சி பார்ட்டிஷன் அதே 400 ஜிபி. அதன் வலப்பக்கம் கறுப்புக் கோட்டுக்குக் கீழே 64 ஜிபி 'அன்அலகேட்டட்', அதாவது எதற்கும் ஒதுக்காத இடம், என்று சும்மா கிடக்கிறது. அதாவது அவர் எதையும் சுருக்கிப் பார்க்கவே இல்லை. சி டிரைவைப் பழைய அளவிலேயே ஏற்றியிருக்கிறார், டி டிரைவுக்கு இடமில்லை என்றதும் அதோடு நிறுத்திவிட்டார். அந்தப் படத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன்களை இப்போதைக்கு மாற்றவும் வேண்டாம்.

வேலை தெரியும் என்று ஏற்றுக்கொண்டவர், அந்த வேலை தெரிந்த ஒருவர் காட்டும் கவனத்தைக் காட்டியாக வேண்டும். டேட்டா உண்மையிலேயே 600 ஜிபி இருந்து கொள்ளாமல் போயிருந்தால்கூட, உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். குளோன் சரியாக வந்ததா என்று நீங்கள் பார்க்கும்முன் மூல டிஸ்க்கை அழித்ததற்கு என்னால் ஒரு சமாதானமும் கற்பிக்க முடியவில்லை.

ரசீதின் அடியில் இருக்கும் வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய டிஸ்க் வேலையின் நடுவே தானாகச் செத்துப்போயிருந்தால் அந்த வரி அவருக்கு உதவியிருக்கும். தன் கையாலேயே அழித்ததற்கு அது கேடயமாவது கடினம். பொறுப்பு விலக்கு வாசகங்களை நீதிமன்றங்கள் குறுக்கியே வாசிக்கும். கூடவே, ரசீது உங்கள் கைக்கு எப்போது வந்தது? வேலை முடிந்து பணம் கொடுத்தபோது வந்தது என்றால், ஒப்பந்தம் முடிந்த பிறகு சேர்த்த நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடலாம்.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் உங்களுக்குக் கசப்பான பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1854-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹேட்லி எதிர் பேக்சன்டேல் வழக்கில், உடைந்த மில் தண்டைக் கொண்டுபோனவர்கள் தாமதித்தார்கள். மில் நின்றது. ஆனால் தண்டு வராவிட்டால் மில் ஓடாது என்பது கொண்டுபோனவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதால் லாப இழப்பு கிடைக்கவில்லை. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் அந்த விதிதான். டி டிரைவில் தொழில் கணக்குகள் இருப்பதை அவரிடம் முன்பே சொன்னீர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும், தேடுங்கள். இல்லாவிட்டால் வருமான இழப்பைக் கேட்பது சிரமம். கூலி, மீட்புச் செலவு, டிஸ்க்கின் விலை ஆகியவற்றை உறுதியாகக் கேட்கலாம். பேக்கப் எடுக்காததை எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும், தொகை ஓரளவு குறையலாம். புகைப்படங்களுக்கு விலை போட முடியாது. மன உளைச்சலுக்கென்று ஏதாவது கிடைத்தாலும் அது சிறிய தொகையாகவே இருக்கும். அதனால்தான் டிஸ்க்கை மீட்பதை முதலில் வைத்தேன்.

லைசென்ஸ் விஷயத்தில் அவர்மேல் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. சில சாஃப்ட்வேர்கள் டிஸ்க்கின் அடையாள எண்ணைப் பார்த்தே லைசென்ஸைப் பூட்டும். டிஸ்க் மாறினால் யார் செய்திருந்தாலும் மறுபடி கேட்கும். தயாரிப்பாளருக்கு எழுதினால் வழக்கமாக மாற்றித் தருவார்கள்.

அப்புறம் ஒன்று. நோட்டீஸ் போனதும் அவர் 'புது டிஸ்க் ஒன்று இலவசமாகத் தருகிறேன்' என்று வரலாம். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய எந்தத் தாளிலும் மீட்பு அறிக்கை வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.