மாவுக்கு எத்தனை மூட்டை?

கேள்வி: வைகாசியில்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்தோம். மறுவீட்டு விருந்தன்று, உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டை வீரர் யார் என்று என் வீட்டுக்காரருக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு வந்தது. இவர் முகமது அலி கட்சி. 1980-ல் அலி மெட்ராஸுக்கு வந்தபோது தன் அப்பாவோடு போய் நேரில் பார்த்தவர். மாப்பிள்ளை மேவெதர் கட்சி. "அஞ்சு தடவை தோத்தவர்தானே மாமா உங்க ஆளு" என்றார் அவர். "அடி வாங்காம ஓடுறதுக்குப் பேரு சண்டையா?" என்றார் இவர். இப்போது தலை ஆடி வருகிறது. பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். இவரோ போனைத் தொட மாட்டேன் என்கிறார். யார்தான் பெரியவர்? நீங்களாவது சொல்லுங்கள்.
– ஒரு மாமியார், மன்னார்குடி பக்கம்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரருக்கு அலி பெயரைக் கேட்டால் அப்பாவோடு பஸ் ஏறிப் போனதும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். மாப்பிள்ளை தெரியாமல் அதையும் சேர்த்துக் குறை சொல்லிவிட்டார்.

அந்த அஞ்சு தோல்விக்கு வருவோம். 1971-ல் ஃப்ரேஸியர், 73-ல் நார்ட்டன், 78-ல் ஸ்பிங்ஸ். மூன்று பேரையும் அலி திரும்பவும் சந்தித்து ஜெயித்தார். மிச்சம் இரண்டும் உடம்பு ஒத்துழைக்காத வயதில் இறங்கியவை; மெட்ராஸ் வந்துபோன அதே 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம் வாங்கிய அடியைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அப்புறம், வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்றதற்காக 1967-ல் பட்டத்தைப் பறித்தார்கள். 25 வயதில் தொடங்கி மூன்றரை வருஷம் ரிங் ஏறவில்லை. அந்த வருஷங்களில் ஜெயித்திருக்கக்கூடிய சண்டைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாப்பிள்ளையையும் லேசாக நினைக்க வேண்டாம். அடி படாமல் அடிப்பதுதான் இந்தக் கலையே. ஐந்து எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கியவர் மேவெதர். 2015-ல் இன்னொரு பெரிய வீரரான பாக்கியாவோவையும் ஜெயித்தார். ஆனால் 50-0 (ஐம்பது வெற்றி, தோல்வியே இல்லை) என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த ஐம்பதாவது ஆள் மெக்ரெகர், தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அன்றைக்குத்தான் புதுசு. எனக்கு அது பூஜ்யத்தைக் காப்பாற்றப் பொறுக்கியெடுத்த சண்டையாகவே படுகிறது.

சரி, ஃபோர்மனோடு மோதியபோது அலி 98 கிலோ. மேவெதர் பெரும்பாலும் 67 கிலோவுக்குள். இவர்களை எப்படி ஒப்பிடுவது? உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. அஞ்சு வேலி நிலம் வைத்திருப்பவர் களத்தில் நெல் மலைபோலக் கிடக்கிறதே என்று அவரை நல்ல விவசாயி என்று சொல்லிவிடுவோமா? "மாவுக்கு எத்தனை மூட்டை?" என்று, ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) என்ன விளைந்தது என்றுதானே கேட்போம். எடை வித்தியாசத்தை ஒதுக்கிவைத்துத் திறமையை மட்டும் ஒப்பிடும் இதைத்தான் குத்துச்சண்டைக்காரர்கள் பவுண்டுக்குப் பவுண்டு என்கிறார்கள். அந்தப் பேச்சு பரவியதே ஒருவரை வைத்துத்தான்: அலிக்கு முந்தைய தலைமுறை அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சன்.

என் ஓட்டு அவருக்கு. 1951 ஜூலை வரை 130 சண்டைக்கு மேல் ஆடி அவர் தோற்றது ஒரே ஒரு தடவை. அதுவும் தன்னைவிட ஏழு கிலோ கூடின லமோட்டாவிடம். மூன்றே வாரத்தில் அதே ஆளை மறுபடி வரச் சொல்லி ஜெயித்தார். லண்டனில் டர்பினிடம் பட்டத்தை விட்டு, இரண்டு மாதத்தில் அதையும் மீட்டார். இன்றைய வீரர்கள் வருஷத்துக்கு இரண்டு சண்டை போட்டால் பெரிசு. இவர் மாதத்துக்கு ஒன்றிரண்டு போட்டவர். அலியே இளம் வயதில் இவரைத் தேடி ஹார்லெம் வரைக்கும் போனார். பின்னாளிலும் இவரைத்தான் தனக்கு மேலே வைத்துப் பேசினார். கடைசிக் காலத்தில் பணத்துக்காக ஆடி நிறையத் தோற்றார், அது வேறு கதை.

ஆனால் இந்தப் பதிலை வீட்டுக்காரரிடம் இப்போதே நீட்டாதீர்கள். தலை ஆடிக்கு அழைப்பது பெண் வீட்டார் வேலை. அதில் அலிக்கும் பங்கில்லை, மேவெதருக்கும் பங்கில்லை. அவரே போன் போட்டு, "பெருக்குக்கு வந்துடுங்க மாப்பிள்ளை" என்று ஒரு வரி சொன்னால் போதும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அதற்கு முன்னால் நீங்கள் மகளிடம் அந்த மெட்ராஸ் பயணத்தைச் சொல்லிவையுங்கள். அவள் மூலமாகப் போகட்டும்.

பெருக்கன்று ஆற்றங்கரையில் படைத்து, மஞ்சள் சரடு கட்டி, காப்பரிசி சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வி போடுங்கள். 1952 ஜூன், நியூயார்க், 40 டிகிரி சூடு. தன்னைவிடக் கனமான மேக்ஸிம் என்ற வீரரோடு ராபின்சன் ஆடுகிறார். புள்ளிகளில் முந்துகிறார். பாதியிலேயே நடுவர் வெக்கை தாங்காமல் விலக, வேறு நடுவர் வருகிறார். பதின்மூன்றாவது சுற்று முடிந்து நாற்காலியில் உட்கார்ந்த ராபின்சனால் அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. அவரை அன்றைக்குத் தோற்கடித்தது மேக்ஸிமா, வெயிலா?

வெயிலைப் பற்றி உங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும்.