கண்டம் கிட் கேள்வி பதில்: நகவெட்டி முதல் லெத்வே உதை வரை

ரங்கூனில் மழை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் கேள்விகளைச் சுருக்கமாகக் கேளுங்கள். ஜப்பானியக் ‘கண்டம்’ கார்ட்டூன் கதையில் வரும் ரோபோவைத் துண்டு துண்டாக மாட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட் பற்றி மட்டும் பேசுவோம். இந்தப் பெயரை முதலில் கேட்டபோது எங்கள் ஆச்சி, “எந்த வயசுல கண்டம்?” என்று பதறிவிட்டார். அந்தக் கண்டம் இல்லை, ஆச்சி.

தக்கேட்டா தம்பி: முதல் தடவை வாங்குகிறேன். ஹெச்ஜி, ஆர்ஜி, எம்ஜி, பிஜி என்று கிட் வகைகளைச் சொல்லிக் குழப்புகிறார்கள். எது நல்லது?

ஹெச்ஜி. கதையில் அந்த ரோபோவின் உயரம் 18 மீட்டர். அதை 144-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 12.5 சென்டிமீட்டர். பண்டாய் கம்பெனி 1980-இல் 300 யென்னுக்கு விட்ட முதல் கிட்டும் இதே அளவுதான். ஆர்ஜியும் இதே உயரம்தான். ஆனால் துண்டுகள் அரிசி மணி மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், முதல் கிட்டிலேயே வெறுத்துப்போகும். எம்ஜி 18 சென்டிமீட்டர், பிஜி 30. பெரிய பெட்டியைப் பார்த்து மயங்காதே. ரெண்டு ஹெச்ஜி முடித்த பிறகு எம்ஜிக்குப் போ.

சிரியம் வாசகர்: துண்டு வெட்டும் நிப்பர் கிடைக்கவில்லை. நகவெட்டி போதுமா?

போதாது. அதன் வாய் வளைந்திருப்பதால் பிளாஸ்டிக்கில் பள்ளம் விழும். ஒரு பக்கம் தட்டையான வாயுள்ள நிப்பர் வேண்டும். துண்டை ரன்னரிலிருந்து, அதாவது துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டித் துண்டைப் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் காம்பைப் பிறகு ஒட்ட வெட்டுங்கள். ஒரே வெட்டில் முடித்தால் அந்த இடம் அழுத்தம் தாங்காமல் வெளுத்துவிடும். கருநீலத் துண்டில் அந்த வெள்ளைப் புள்ளி தேமல் மாதிரி தெரியும். காம்பின் தடத்தை 600, 800, 1000 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்தால் மறையும்.

இன்னொன்று, எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே வெட்டிக் குவிக்காதீர்கள். எண் ரன்னரில்தான் இருக்கிறது, துண்டில் இல்லை.

பெகு வாசகி: பசை எது வாங்க?

எதுவும் வேண்டாம்மா. அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

மோல்மேன் தம்பி: சயா (வாத்தியாரே), துண்டின் பள்ளக் கோடுகளில் கறுப்பு மை விட்டேன். மறுநாள் முழங்கால் தானாக விரிசல் விட்டுவிட்டது. கிட் மட்டமா?

கிட்டைக் குறை சொல்லாதே. நீ விட்டது எனாமல் மை. அதிலுள்ள தின்னர் இறுக்கமாக மாட்டிய இடுக்கில் இறங்கி, ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக் என்றால் இன்னும் சீக்கிரம். மை விடுவதானால் துண்டைக் கழற்றி, பளபளப்பு டாப்கோட் (மேல்பூச்சு) ஒரு தடவை அடித்து, அது காய்ந்த பிறகு விடு. இல்லாவிட்டால் மெல்லிய முனை மார்க்கர் போதும். நானும் ஒரு எம்ஜியின் இடுப்பை இப்படித்தான் தொலைத்தேன். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: மாட்டிய மூட்டில் தின்னர் மை கூடாது. சயா எல்லாம் வேண்டாம், அண்ணன் போதும்.

இன்செயின் வாசகர்: நகவெட்டியில் வெட்டலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

தட்டோன் தம்பி: அண்ணே, நான் எப்படி நிறுத்தினாலும் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறது. பெட்டிப் படத்தில் இருப்பதுபோல் உயிர் வரவில்லை.

இதுதான் கேள்வி. நீ கையிலிருந்து ஆரம்பிக்கிறாய். துப்பாக்கியைக் கொடுத்துக் கையைத் தூக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறாய், இல்லையா? இடுப்பிலிருந்து ஆரம்பி. லெத்வே, அதான் பர்மியக் குத்துச்சண்டை, பார்த்திருப்பாய். உதைக்கிறவனின் காலை விட்டுவிட்டு, ஊன்றிய காலைப் பார். குதிகால் திரும்பும், இடுப்பு திரும்பும், எதிர்த்தோள் பின்னால் போகும், கண் மட்டும் எதிராளியைவிட்டு நகராது. அதே வரிசையில் செய். எடையை ஒரு காலில் போடு. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால் மார்பை மறுபக்கம் கொஞ்சம் சாய். தலையை ஆயுதம் போகும் திசைக்குத் திருப்பு. கடைசியில் மணிக்கட்டு. பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும். விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும், கணுக்காலை உள்பக்கம் மடக்கிச் சரிசெய். பிறகு எட்டு அடி தள்ளிப் போய், கண்ணைச் சுருக்கிப் பார். நிழல் மட்டும் தெரியும்போதும் என்ன செய்கிறது என்று புரிந்தால் சரி.

ரங்கூன் பெரியவர்: தம்பி, கதைப்படி அது ஆயுதங்களோடு 60 டன். 60 டன் இயந்திரம் இடுப்பை ஒடித்து நிற்குமா? நீங்கள் சொல்வது நாட்டியம்.

ஐயா, எடை இருப்பதால்தான் சாய வேண்டும். நெல் மூட்டை தூக்குகிறவர் விறைத்தா நிற்கிறார்? எடை எங்கே இறங்குகிறது என்று உடம்பு காட்டும். காட்டாவிட்டால்தான் காலி டப்பா மாதிரி தெரியும்.

அதே பெரியவர்: ஆள் வேறு, எஞ்சின் வேறு. கிட்டை அந்தரத்தில் குச்சியில் மாட்டி நிறுத்துவதும் ஏமாற்று வேலை. சொந்தக் காலில் நிற்காதது ரோபோவா?

யோகோஹாமாவில் 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை 18 மீட்டரில் நிஜமாகவே ஒன்று கை கால் அசைத்து நின்றதே, அதன் எடை சுமார் 25 டன். அதையே பின்னாலிருந்து இடுப்பில் பிடித்துத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுக்கே வெட்கமில்லை, நமக்கென்ன? இந்த ஊர்ப் பொம்மலாட்டத்தில் நூல் தெரிகிறது என்று யாராவது எழுந்து போகிறார்களா?

பெகு வாசகி: நான் பெரியவர் கட்சி. என்னுடையது நேராக நின்று, துப்பாக்கியைத் தோளில் சாய்த்திருக்கிறது. காவலுக்கு நிற்பதுபோல் இருக்கிறது.

அதுவும் நல்ல நிலைதான், மறுக்கவில்லை. ஆனால் காவல்காரருக்கும் ஒரு முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருக்கும், கவனியுங்கள்.

பெரியவர்: பட்டாளத்தில் தளராது.

சரி ஐயா, உங்கள் அலமாரி, உங்கள் பட்டாளம். அடுத்து.

தக்கேட்டா வாசகர்: பளபளப்பைக் குறைக்கும் மேட் ஸ்பிரே அடித்தேன். முழுதும் பாலாடை மாதிரி வெளுத்துவிட்டது.

நேற்றா அடித்தீர்கள்? மழையிலா? கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சில் இறங்கிவிடுகிறது. காய்ந்த நாளில் மெல்லிசாக இன்னொரு பூச்சு அடித்துப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும். நான் ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஸ்பிரே டப்பாவைத் தொடுவதேயில்லை. கட்டுவது மழையில், பூசுவது நவம்பருக்குப் பிறகு. முகமூடி போட்டு, வெளியில் வைத்து அடியுங்கள். மேட் போட்ட பிறகு தின்னர் மை விடாதீர்கள், கறை படியும். மாட்டிய மூட்டில் எப்போதுமே வேண்டாம்.

சிரியம் தம்பி: டிரோன் பேட்டரி உப்பிவிட்டது, என்ன செய்ய?

இங்கே கேட்கிற கேள்வி இல்லை. சார்ஜ் போடாமல், தீப்பிடிக்கும் பொருளிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, பேட்டரி தெரிந்தவரிடம் உடனே போ.

மோல்மேன் வாசகர்: எங்கள் வீட்டு நகவெட்டி பெரியது, நல்ல கூர்மை…

நகம் வெட்டுங்கள்.

தட்டோன் தம்பி: அண்ணே, லெத்வே உதை வந்துவிட்டது! ஆனால் தூக்கிய கால் மெல்ல மெல்ல இறங்குகிறது.

மூட்டு தளர்ந்திருக்கிறது. கழற்றி, உருண்டையின்மேல் சூப்பர் குளூவை மெல்லிசாகத் தடவி, தனியாகவே வைத்து முழுக்கக் காயவிட்டு, அப்புறம் மாட்டு. உருண்டை ஒரு நூல் பருத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு மாட்டினால் அந்தக் கால் ஆயுசுக்கும் அப்படியே நிற்கும், பெரியவருக்குத்தான் சந்தோஷம்.