சுற்றுலாவுக்குப் போகாத மகள் எழுதிய சுற்றுலாக் கட்டுரை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் மகளுக்கு வயது 11. ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய வகுப்பை இரண்டு நாள் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றார்கள். என் மகனின் மருத்துவச் செலவுக்காக நாங்கள் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்த நேரம் அது. சுற்றுலாவுக்காக மேலும் ஒரு கடன் வாங்க என் கணவர் சம்மதிக்கவில்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் பணம் இல்லை என்று பள்ளிக்கு எழுதிக் கொடுக்க மனம் வராமல், ‘நீண்ட பயணம் அவள் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று படிவத்தில் காரணம் எழுதி அனுப்பினேன். யாராவது கேட்டால் அப்படியே சொல்லும்படி மகளிடமும் சொல்லி வைத்தேன்.

கட்டணம் செலுத்தியவர்களின் பெயர்களை வகுப்பாசிரியை ஒவ்வொரு நாள் காலையிலும் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறார். கடைசி நாளில் அந்தப் பட்டியலில் இடம்பெறாதவர்கள் நான்கு பேர். சுற்றுலா நடந்த இரண்டு நாட்களும் அந்த நால்வரையும் கீழ் வகுப்பு ஒன்றின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, இடையிடையே நூலகப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போனவர்கள் திரும்பி வந்த பிறகு, வகுப்பு முழுவதற்கும் ‘எங்கள் சுற்றுலா’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதும் வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டது. என் மகள் மூன்று பக்கம் எழுதினாள். பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்தது, தோழி அவள் தோளில் சாய்ந்து தூங்கியது, கோட்டைப் படிகளில் மூச்சு வாங்க ஏறியது என்று எல்லாவற்றையும் தானே போய் வந்ததுபோல் எழுதியிருந்தாள். “நீதான் வரவே இல்லையே, இதை எப்படி எழுதினாய்?” என்று ஆசிரியை வகுப்பிலேயே கேட்க, பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நோட்டைத் தற்செயலாகப் பார்த்து, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று முதல் அவள் தன் நெருங்கிய தோழியுடன் சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பெண் இவளுக்காக ஆற்றங்கரையிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அது பென்சில் பெட்டியில் கிடக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஒருநாள் இரவு, “அம்மா, அது படிப்பு என்றால் ஏன் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும்? படிப்பு இல்லை என்றால் ஏன் அதைப் பற்றிக் கட்டுரை?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எல்லோரும் போக முடியாவிட்டால் யாரையும் அழைத்துப் போகக் கூடாது என்கிறார் என் கணவர். உலகம் இப்படித்தான், சிறு வயதிலேயே பழகட்டும் என்கிறார் என் அக்கா. கடன் வாங்கியாவது அனுப்பியிருக்க வேண்டுமா? அவள் பொய் எழுதியதற்குக் கண்டிக்க வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்காமல் இருந்தது தவறல்ல. ஒரு பிள்ளையின் சிகிச்சைக்காகக் குடும்பம் தாங்கிக்கொண்டிருக்கும் சுமையின் மேல் இன்னொன்றை ஏற்றாமல் இருந்தது பொறுப்பான முடிவு; அதை நினைத்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். கட்டுரைக்காக மகளைக் கண்டிக்கவும் வேண்டாம். அவள் எழுதியதைப் பொய் என்று நான் கருதவில்லை. போகாத பிள்ளை எதை எழுத வேண்டும் என்று யாருமே யோசிக்காமல் கொடுத்த ஒரு வீட்டுப்பாடத்தை, தன்னிடம் இருந்த ஒரே வழியில் அவள் செய்து முடித்திருக்கிறாள். வெற்றுத் தாளைக் கொடுத்திருந்தால் தான் போகாதவள் என்பதை இன்னொரு முறை அறிவித்திருப்பாள், எழுதியதால் அகப்பட்டுக்கொண்டாள். இந்த இரண்டு வழிகளை மட்டும் ஒரு குழந்தையின் முன் வைத்தது பெரியவர்கள் செய்த பிழை.

ஒன்றை மட்டும் உங்கள் மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறேன். உண்மைக் காரணத்தை மறைக்க வேண்டும் என்ற பாடம் கட்டுரையில் தொடங்கவில்லை, படிவத்தில் தொடங்கியது. உங்கள் தன்மானத்தைக் காக்க நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை, பள்ளியில் நாள்தோறும் சுமந்து நின்றவள் அவள். பணமில்லை என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி என்று நீங்கள் அவளிடம் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டீர்கள்; ஆனால் வேறொரு காரணத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டபோது அவள் அதைத்தான் புரிந்துகொண்டிருப்பாள். இதற்காக உங்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. பட்டியலைக் கரும்பலகையில் எழுதும் ஒரு பள்ளியிடம் எந்தத் தாயும் தன் வீட்டு நிலையைத் துணிந்து சொல்லிவிட மாட்டாள்.

இனி, அவளை எது காயப்படுத்தியது என்பதைப் பார்ப்போம். விலக்கப்படுதலை ஆராய்ந்த உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இணையத்தில் பந்தெறியும் எளிய விளையாட்டு ஒன்றில் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிலருக்கு மற்ற ஆட்டக்காரர்கள் பந்தை எறிவதையே நிறுத்திவிட்டார்கள். முகம் தெரியாதவர்களுடன் சில நிமிடம் மட்டுமே நீடித்த அந்த ஆட்டத்தில் ஒதுக்கப்பட்டதற்கே, தான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வும் சுயமதிப்பும் அவர்களிடம் குறைந்து காணப்பட்டன. பிறகு 2004இல் வெளிவந்த தொடர் ஆய்வில், எதிரே ஆடுவது மனிதர்கள் அல்ல, கணினிதான் என்று முன்னதாகவே சொல்லிவிட்ட போதும் அந்த வலி எழுந்தது. காரணம் தெரிந்திருப்பதால் ஒதுக்கப்பட்ட வலி வராமல் போய்விடாது என்பதை இது காட்டுகிறது. “நம் வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும், அதனால் புரிந்துகொள்வாள்” என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்வதுண்டு. அவள் நிலைமையைப் புரிந்துகொண்டும் இருப்பாள், வலியோடும் இருப்பாள். இரண்டுக்கும் அவளிடம் இடம் உண்டு.

ஆயினும் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, சுற்றுலாவைத் தவறவிட்டதைவிட அதைச் சுற்றி நடந்தவையே அவளை அதிகம் புண்படுத்தியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தினமும் நீண்டுகொண்டே போன பெயர்ப் பட்டியல், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குப் பின்னால் போடப்பட்ட பெஞ்சு, துடைக்கச் சொல்லிக் கொடுத்த புத்தகங்கள், அதன் பிறகு அந்தக் கட்டுரை. ஓர் இடத்தைப் பார்க்க முடியாமல் போன ஏமாற்றம் சில வாரங்களில் ஆறிவிடும். மற்றவர்கள் கற்றுக்கொண்டிருந்த இரண்டு நாட்கள் தன்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள் என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் ஆறாது. அவற்றுள் ஒன்றுகூடப் பணத்தால் தீர வேண்டியதல்ல என்பதையும் கவனியுங்கள். பட்டியலை மேசைக்குள் வைத்திருக்கவும், நால்வருக்கும் உருப்படியான பாடம் ஒன்றைத் திட்டமிடவும், கட்டுரைக்கு இன்னொரு தலைப்பைச் சேர்த்துக் கொடுக்கவும் ஒரு காசும் தேவைப்பட்டிருக்காது.

உங்கள் கணவரின் நியாயத்தை நான் மதிக்கிறேன். யாரும் போகக் கூடாது என்ற விதி சமத்துவத்தைக் கொண்டுவரும் என்பதும் உண்மைதான். ஆனால் அதனால் உங்கள் மகளுக்கு எதுவும் கிடைக்காது. தன்னால்தான் எல்லோருடைய மகிழ்ச்சியும் நின்றுபோனது என்ற புதிய குற்றவுணர்வு மட்டுமே மிஞ்சக்கூடும். சுற்றுலா நடக்கட்டும். அதைத் திட்டமிடத் தொடங்கும் இடம்தான் மாற வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் இடத்தை முடிவு செய்து, கட்டணத்தை அறிவித்து, கடைசியில் எஞ்சியவர்களைப் பற்றி யோசிக்கிறார்கள். வருவதற்கு யாருக்கு மிகவும் கடினமாக இருக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், இரவு தங்காத ஒருநாள் பயணமோ, நடந்தே போகக்கூடிய ஓர் இடமோ, பல மாதங்களுக்கு முன்பே தொடங்கும் சிறு தவணைகளோ இயல்பாகவே பேச்சில் வந்துவிடும். பணம் ஒரு தடை மட்டுமே. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குப் பேருந்தின் படியும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த இரவும், வெளியில் தங்க அனுமதி கிடைக்காத பெண் பிள்ளைக்குக் குடும்பத்தின் அச்சமும் தடையாக நிற்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பள்ளியில் நடப்பவை உட்பட விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கேற்பதை அந்தக் குழந்தைகளின் உரிமையாகவே குறிப்பிடுகிறது. குழந்தைகளின் உரிமைகளுக்கான 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் கலைகளிலும் பங்கேற்கும் உரிமையை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்குகிறது. கெஞ்சிக் கேட்கும் சலுகையாக இதை நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏமாற்றத்தைத் தாங்கப் பழக வேண்டும் என்பது சரி; அநியாயத்தை இயல்பு என்று ஏற்கப் பழக வேண்டியதில்லை. குழந்தைகளின் நியாய உணர்வை ஆராய்ந்த பிளேக், மெக்காலிஃப் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தனக்குக் குறைவாகவும் எதிரில் இருப்பவருக்கு அதிகமாகவும் கிடைக்கும் பங்கீட்டை நான்கு வயதுக் குழந்தைகளே மறுத்தார்கள். எட்டு வயதுக் குழந்தைகளோ, தனக்கு அதிகம் கிடைக்கும் பங்கீட்டையும் சேர்த்து மறுத்தார்கள். பிறகு ஏழு சமூகங்களில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், குறைவாகப் பெறுவதை மறுக்கும் குணம் ஏழிலும் தென்பட்டது. அதிகமாகப் பெறுவதை மறுக்கும் குணமோ மூன்றில் மட்டுமே தென்பட்டது. இந்த இரண்டாவது குணம் வளர்வதில் குழந்தையைச் சுற்றியிருக்கும் சமூகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம். கரும்பலகைப் பட்டியலைப் பார்த்து அந்த நால்வர் மட்டும் பாடம் படிக்கவில்லை; பெயர் இருந்தவர்களும் ஒன்றைப் படித்தார்கள். அப்படியிருந்தும் ஆற்றங்கரையில் குனிந்து ஒரு கல்லை எடுத்த அந்தத் தோழியிடம் அந்த நியாய உணர்வு உயிரோடு இருக்கிறது. சுற்றுலாவைப் பற்றிப் பேசினால் உங்கள் மகள் வருந்துவாளோ என்று அவள் தயங்கியிருக்கலாம். அந்த மௌனத்தை உங்கள் மகள் ஒதுக்குதலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் மகள் கல்லை எறியாமல் வைத்திருப்பது எனக்கு நம்பிக்கை அளிக்கிறது. அவர்களைச் சேர்த்து வைக்க முயல வேண்டாம். ஒருநாள் மாலை அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைப்பது மட்டும் போதும்.

பள்ளிக்கு நீங்கள் போக வேண்டும் என்றே நான் சொல்வேன். சுற்றுலா முடிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். அடுத்ததற்கான திட்டம் உருவாகும் முன் பேச இதுவே நல்ல நேரம். தலைமையாசிரியரைத் தனியாகச் சந்தித்து, முதலில் படிவத்தில் எழுதிய காரணத்தை நீங்களே திருத்திச் சொல்லுங்கள். அது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்ன பிறகு மறைக்க எதுவும் இருக்காது. மற்ற மூன்று குடும்பங்களுக்காகவும் நிமிர்ந்து பேச முடியும். ஆசிரியையின் மீது புகாராகத் தொடங்காமல், உங்கள் மகள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளை அவள் சொற்களிலேயே அங்கே சொல்லுங்கள். அது படிப்பு என்றால் எல்லோருக்கும் வழி செய்யப்பட வேண்டும். படிப்பு இல்லை என்றால் மதிப்பெண்ணும் கட்டுரையும் அதனோடு சேரக் கூடாது. இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியாது. கட்டணம் பற்றிய பதிலை ஒட்டிய உறையில் எல்லாப் பெற்றோரிடமிருந்தும் பெறுவது, உதவி வேண்டுமா என்ற கேள்வியை எல்லோருக்கும் பொதுவான படிவத்திலேயே அச்சிடுவது, தங்கிவிடும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஓர் ஆசிரியரையும் முறையான ஒரு பணியையும் முன்கூட்டியே ஒதுக்குவது ஆகியவற்றைக் கேளுங்கள். வகுப்பின் முன் நடந்த அந்த விசாரிப்பைப் பற்றி ஆசிரியை உங்கள் மகளிடம் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் கேட்கலாம். அது நடக்காமலும் போகலாம். கேட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதற்கு முன்பாக, வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. “அன்று நான் எழுதிய காரணம் உண்மையில்லை. நம்மிடம் அப்போது பணம் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, அந்தச் சுமையை உன்மேல் வைத்துவிட்டேன்” என்று அவளிடம் சொல்லுங்கள். தம்பியின் சிகிச்சைதான் காரணம் என்று விளக்கப் போனால், அவனால்தான் தனக்கு இந்த இழப்பு என்று அவள் கணக்குப் போடக்கூடும். அதனால் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்தவர்கள் நீங்களும் உங்கள் கணவரும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் படட்டும்; உடனே சமாதானம் செய்ய முயலாதீர்கள்.

பிறகு அந்தக் கட்டுரையை உங்களுக்குப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். வகுப்பில் சிரிப்போடு நின்றுபோன அது, வீட்டிலாவது ஒருமுறை கடைசி வரி வரை கேட்கப்படட்டும். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது, கோட்டையின் உச்சியில் காற்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்